எங்கள் ஊருக்கான சைகை

மாலைச் செய்தியில் வானிலைப் பகுதி வந்ததும் என் தோள் தானாக இறுகிக்கொள்ளும். செய்தி வாசிப்பவருக்கு முழுத்திரை. எனக்கு வலது கீழ் மூலையில் ஒரு வட்டம். அவர் வாயால் சொல்வதை அந்த வட்டத்துக்குள் நின்று நான் கையால் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆற்றில் வெள்ள எச்சரிக்கை. கரையோர ஊர்களின் பெயர்களை மனிதர் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். முதல் ஊருக்கு மோவாயில் இல்லாத தாடியை உருவினேன். அடுத்ததற்குத் தோளைக் குறுக்கி நடுங்கினேன். மூன்றாவதாக எங்கள் ஊர் வந்தது. என் வலது கை பாதி தூரம் எழும்பி அப்படியே நின்றுவிட்டது. பிறகு அதை முஷ்டியாக மடக்கி நெஞ்சுக்கு முன்னால் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து இன்னொரு கை விரல்களைச் சுழற்றிப் புகையை மேலே அனுப்பினேன். அதற்குள் அவர் ஆறாவது ஊருக்குப் போயிருந்தார்.

மறுநாள் நிலைய மேலாளர் கூப்பிட்டனுப்பினார். காது கேளாத நேயர்கள் தங்களைத் தாங்களே படம்பிடித்து அனுப்பியிருந்த புகார்கள் அவர் கைப்பேசியில் வரிசையாக இருந்தன. ஒரு பெரியவர் லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்துகொண்டு, "எந்த ஊருக்கும்மா வெள்ளம்? புகைக்கா வெள்ளம் வருது?" என்று கையை விரித்துக் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேலாளருக்குச் சைகை தெரியாது. என் சிரிப்பு மட்டும் தெரிந்தது.

"இது விளையாட்டு இல்லம்மா. வெள்ளம். யாராவது செத்துப் போனா யார் பதில் சொல்றது? எல்லாரும் ஒரு மாதிரி காட்டறப்ப நீ மட்டும் ஏன் வேற மாதிரி காட்டறே?"

"அது எங்க ஊரு சார். எங்க ஊர்ல இருக்கறவங்க அப்படித்தான் காட்டுவாங்க."

"நாடு முழுக்க உங்க ஊர்லயா இருக்கு? சைகை அகராதி தயாரிக்கற குழுவுக்கு எழுதிட்டேன். வந்து படம் எடுத்துப் பதிவு பண்றாங்களாம். அதுல என்ன இருக்கோ அதத்தான் நீ காட்டணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஊர்களுக்கு வாய் வைக்கும் பெயர் வேறு, கை வைக்கும் பெயர் வேறு. கை பார்த்ததைத்தான் வைக்கும். தலைநகருக்குத் தாடி, ஏனென்றால் அங்கே முதல் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிய ஆசிரியருக்குத் தாடி இருந்தது. அவர் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, தாடி மட்டும் நகரத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. மலையூருக்கு நடுக்கம். துறைமுகத்துக்குக் கொக்கி. ஒரு ஊருக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும், அவ்வளவு கொசு. இன்னொரு ஊருக்கு மூடிய முஷ்டியைக் காட்டுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் கஞ்சர்களாம். அவர்களுக்கு இதில் ஏகப்பட்ட கோபம், அதற்காகவே ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முஷ்டி இன்னும் திறக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஓட்டுத் தொழிற்சாலையின் புகைக்கூண்டுதான் பெயராக இருந்தது. தொழிற்சாலையை இடித்தபோது புகைக்கூண்டும் போயிற்று. பெயர் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பிறகு படகு கவிழ்ந்தது.

என் தம்பி அந்தப் படகில் இருந்தான். அம்மாவைப் போலவே அவனுக்கும் காது கேட்காது, வீட்டில் நான் ஒருத்திதான் கேட்பவள். அப்பாவுக்கும் கேட்கும், ஆனால் அவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், அது தனிக்கதை. தம்பி அக்கரையில் இருக்கும் காது கேளாதோர் பள்ளி விடுதியில் படித்தான். வாரக் கடைசியில் படகில் வருவான், அம்மா துறைக்குப் போய் அழைத்து வருவாள். அந்தச் சனிக்கிழமை படகில் ஏற்ற வேண்டியதைப் போல இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். நான் அப்போது தலைநகரில் பயிற்சியில் இருந்தேன். பேருந்து பிடித்து வந்து சேர்ந்தபோது அரசு மருத்துவமனை முற்றம் முழுக்கக் காது கேளாதவர்கள். விடுதிப் பிள்ளை ஒருவன் அந்தப் படகில் இருந்தான் என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்திருந்தார்கள். நடுவில் அம்மா. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவள் முன்னால் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், அவள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். நான் கூட்டத்தின் விளிம்பிலிருந்து பார்த்தபோது தெரிந்தது, குழிந்த உள்ளங்கை ஒன்று மேலே பார்த்தபடி முன்னே வந்து புரண்டு விழுவது மட்டும். அவளை அடைந்தபோது அவள் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

அந்தக் கூட்டம் அவரவர் ஊருக்குத் திரும்பி, அங்கே இருந்தவர்களுக்குச் சொன்னது. எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு அம்மாவின் அந்தக் கையைக் காட்டியது. அவ்வளவுதான், ஒரு ஊருக்குப் பெயர் வைக்க வேறென்ன வேண்டும்? யாரும் கூடிப் பேசி வைக்கவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு நகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பக்கத்து நாற்காலிப் பெண் அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டாள். அம்மா புகைக்கூண்டைக் காட்டினாள். அவளுக்குப் புரியவில்லை. அம்மா எழுத்து எழுத்தாக விரலில் எழுதினாள். "ஓ!" என்று முகம் மலர்ந்து, அந்தப் பெண் உள்ளங்கையைச் சட்டென்று கவிழ்த்துக் காட்டினாள். பேருந்து வசதியெல்லாம் எப்படி என்று அடுத்து விசாரித்தாள்.

அம்மா திரும்பி வந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசாமல் இருப்பது என்றால் அதுதான். அவள் வேலை செய்யும் சலவைக் கூடத்துக்குப் போவாள், மருத்துவமனைப் போர்வைகளை நீராவி இயந்திரத்தில் விட்டு எடுப்பாள், மறுமுனையில் நிற்பவளோடு சேர்ந்து மடிப்பாள், வீட்டுக்கு வந்து கைகளை ஒளித்துக்கொள்வாள். அன்றிலிருந்து சங்கக் கூட்டம் கிடையாது, கல்யாணம் கிடையாது. காது கேளாத சிநேகிதிகள் கைப்பேசியில் முகம் காட்டி அழைத்தால் எடுக்க மாட்டாள். எந்த நிமிடத்தில் யார் கையில் அது வருமோ என்ற பயம். தொலைக்காட்சியில் என்னை மட்டும் பார்ப்பாள். நான் அதைச் செய்ய மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். என்னால் செய்ய முடிந்ததெல்லாம் அது ஒன்றுதான், இப்போது அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்கள்.

அகராதிக் குழு வரும் செய்தியை நான் சொன்னதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை வெந்நீரில் ஊறி ஊறித் தோல் உரிந்து கிடந்தது. பிடியை விட்டுவிட்டுப் பேசினாள்.

"பதிவு பண்ணிட்டா அப்புறம் மாத்த முடியாது, இல்ல?"

"புத்தகத்துல, வீடியோல எல்லாத்துலயும் வந்துரும்மா. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படிக்கும்."

"பிள்ளைங்க படிக்குமா?" அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் கை காற்றிலேயே நின்றது. "நான் வரேன். நான் சொன்னா கேப்பாங்க. என் கைதானே அது."

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடி அறை. பெஞ்சுகளைச் சுவரோடு தள்ளிவிட்டு ஒரு நீலத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் முன்னால் காமிரா, விளக்குகள், காது கேட்கும் காமிராக்காரர் ஒருவர். குழுத் தலைவருக்குச் சைகைப் பெயர் மீசை. அவருக்கும் காது கேட்காது. நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்க் கைகளைச் சேகரிப்பதுதான் அவர் வேலை. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். எங்கள் ஊரின் காது கேளாதவர்கள் எல்லோரும் ஒரு அறைக்குள் அடங்கிவிடுகிற கூட்டம்தான். முடிவெட்டும் கடைக்கார சித்தப்பா, தையல்காரர், அவர் மனைவி, சலவைக் கூடத்தில் இரண்டு பேர், போன வருடம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ஒரு பெண். அவள் எப்போதும் பெரிய கம்மல் போடுவாள், அதனால் கம்மல்.

அம்மா யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றாள். சலவைக் கூடத்துக்குக் கட்டிப் போகும் புடவை இல்லை, அன்று அந்தக் கல்யாணத்துக்குக் கட்டிய புடவை.

"என் பிள்ளை செத்தத ஊருக்குப் பேரா வைக்காதீங்க," என்றாள். "நான் அத ஊர்ப் பேராச் சொல்லல. என்ன ஆச்சுன்னு கேட்டீங்க, சொன்னேன். சொன்னதத் திருப்பிக் குடுத்துருங்க. நான் கையெடுத்துக் கும்பிடறேன்."

நிஜமாகவே கும்பிட்டாள். கும்பிட்ட கையால் பேச முடியாது. அதனால் அப்படியே நின்றாள்.

முடிவெட்டும் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாங்க யாரும் இந்த ஊருக்குள்ள அதக் காட்டறதில்ல. புகைக்கூண்டுதான். ஊர்க்காரங்க கை எதுவோ அதத்தானே எடுப்பீங்க? எழுதிக்கங்க, புகைக்கூண்டு."

மீசை தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எழுதிக்கறேன். ஆனா அக்கா, நாங்க பேரு வைக்கறவங்க இல்ல. எது நடமாடுதோ அத எழுதறவங்க. வெளியில ஒருத்தருக்கும் புகைக்கூண்டு தெரியாது. இவங்களுக்கே தெரியாதே." கம்மலைக் காட்டினார். அந்தப் பெண் கூச்சத்தோடு, தான் ஒருநாளும் புகைக்கூண்டைப் பார்த்ததில்லை என்றாள். வெள்ளம் வந்த அன்று என்னைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, வேறு ஏதோ ஊருக்கு வெள்ளம் என்று நினைத்துத் துணியைக் கூட மாடிக்கு ஏற்றாமல் தூங்கிவிட்டாளாம். அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அப்ப வேற வைக்கலாம்," என்றாள் அம்மா. "பாலம். அதுக்கப்புறம்தானே பாலம் கட்டினாங்க? பாலம்னு வைங்க."

"பாலம் ஏற்கெனவே ஒரு ஊருக்கு இருக்கு அக்கா."

"ஆறு?"

"அது மாவட்டத்துக்கே பேரு."

அம்மா ஜன்னலுக்குப் போனாள். மாடியிலிருந்து ஊர் முழுவதும் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, திரும்பித் திரும்பி மீசையிடம் கேட்டாள். தண்ணீர்த் தொட்டி? எல்லா ஊரிலும் இருக்கிறது. செல்போன் கோபுரம்? அதுவும்தான். வளைந்து போகும் பெரிய தெரு? வளைவு என்று இரண்டு ஊர் இருக்கிறது, அவர்களுக்குள் அதற்காகவே சண்டை. சந்தை? மணிக்கூண்டு? அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கி, இன்னும் தூரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். நான் பிறந்து வளர்ந்த ஊரை அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். ஒரு மலை கிடையாது, ஒரு கோட்டை கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு பிள்ளையை மூழ்கடித்ததைத் தவிர வேறு துப்பில்லாத ஊர். எனக்கு அந்த ஊரின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு யானைப் பாறையாவது வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

"உப்பு?" என்றாள் அம்மா. எங்கள் ஊருக்கும் உப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மா மீசையின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவை அவர் மடியில் கிடந்தன.

நான் போய் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். மீசை தன் முடிவைச் சொன்னார். இரண்டையும் பதிவு செய்வார்கள். புகைக்கூண்டு, பழையது என்ற குறிப்போடு. மற்றது, இப்போது வழங்குவது. அவரால் முடிந்தது அதுதான் என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதைக் கேட்டு எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

முதலில் சித்தப்பா நீலத் துணியின் முன்னால் நின்று புகைக்கூண்டைக் காட்டினார். நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. அகராதிக்கு அப்படித்தான் எடுப்பார்கள். கேட்காமலே மூன்றாவது முறையும் காட்டினார், அதில் புகை கொஞ்சம் அதிகம். அடுத்ததற்கு யார் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் கம்மல் எழுந்தாள். அவள் என்ன செய்வாள் பாவம், வெளியூரில் பிறந்தவள், அவளுக்கு அது வெறும் ஊர்ப் பெயர். நேராக நின்று முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு உள்ளங்கையைச் சட்டென்று புரட்டினாள். ஈ ஓட்டுகிற வேகம். கம்மல் ஆடியது. காமிராக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அம்மா எழுந்தாள். நான் பிடிப்பதற்குள் விளக்கு வெளிச்சத்துக்குள் போயிருந்தாள். அந்தப் பெண்ணை அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மா அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"அப்படி இல்ல," என்றாள். "அப்படி உடனே கவிழல."

மீசை எழுந்து நின்றார்.

அம்மா வலது உள்ளங்கையைக் குழித்து முன்னால் நீட்டினாள். அது இடப்பக்கம் சாய்ந்தது. நன்றாகச் சாய்ந்தது, எல்லாம் முடிந்தது போல. பிறகு நிமிர்ந்தது. முழுசாக, மட்டமாக நிமிர்ந்து நின்றது. அப்புறம்தான் மறுபக்கம் புரண்டது.

"ஒரு தடவை நிமிர்ந்துச்சு," என்றாள். "அன்னிக்கு எல்லாருக்கும் இத சேத்துத்தான் சொன்னேன். யாரும் எடுத்துக்கல. கவுந்தத மட்டும் எடுத்துக்கிட்டுப் போனீங்க."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடமாகத் தெரியாது. நான் முற்றத்தில் கூட்டத்துக்கு வெளியிலிருந்து பார்த்ததையே முழுசு என்று நினைத்திருந்தேன், அதற்கு மேல் அவளிடம் கேட்கத் துணிந்ததில்லை.

"நான் துறையில நிக்கறேன். அவன் அக்கரையில ஏறினதுலேருந்து என்கூடப் பேசிக்கிட்டுத்தான் வரான். அந்தப் படகுல அவன் ஒருத்தனாலதான் கரையோட பேச முடியும், மத்தவங்க கத்தினாலும் கேக்காது. பரீட்சைல கணக்கு வரலன்னான். பரவால்லன்னேன். அப்ப சாஞ்சுது. எல்லாரும் கம்பியப் புடிச்சாங்க, அவனும் புடிச்சான். நான் கரையில அலறிக்கிட்டு இருக்கேன். நிமிர்ந்துச்சு. நிமிர்ந்ததும் எல்லாரும் கம்பிய விடாமப் புடிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. அவன் மட்டும் ரெண்டு கையையும் விட்டுட்டு 'ஒண்ணுமில்லம்மா, பயப்படாத'ன்னான்."

அவள் அதைத் தம்பியின் கையாகவே சொன்னாள். நெஞ்சுக்கு முன்னால் இரண்டு சின்ன உள்ளங்கைகள் விரிந்தன. காமிராக்காரர் மட்டும், ஒன்றும் புரியாமல், என்னைப் பார்த்தார். வழக்கமாக நான் வாயால் சொல்ல வேண்டிய இடம். நான் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீசைதான் முதலில் கையைத் தூக்கினார். "அக்கா, ஊர்ப் பேரு இவ்வளவு நீளமா நிக்காது. நீங்க செய்யறத அப்படியே எடுத்துப் போட்டாலும் ஜனங்க நடுவுல இருக்கறத விட்டுருவாங்க. எல்லாப் பேரும் தேயும்."

"தேயட்டும். புத்தகத்துல முழுசா இருக்கட்டும்," என்றாள் அம்மா. "பிள்ளைங்க படிக்கும்னு இவ சொன்னா."

நீலத் துணியின் முன்னால் தரையில் ஒட்டியிருந்த அடையாளத்தில் போய் நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கம்மல் அழுதுகொண்டே ஓரமாக நகர்ந்தாள். மீசை காமிராக்காரருக்குத் தலையை அசைத்தார். நேராக ஒரு முறை எடுத்தார்கள். சாய்ந்தது, நிமிர்ந்தது, கவிழ்ந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. போர்வை மடிக்கும்போது இருக்கும் முகம்தான். காமிராக்காரர் என்னிடம் சொன்னார்.

"நல்லா வந்துருக்கு. இன்னொரு தடவை, பக்கவாட்டுல. அப்படியே இடப்பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

நான் சொன்னேன். வேறு யார் சொல்வது, அதுதானே என் தொழில். அம்மா திரும்பினாள். காமிராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது.

கை குழிந்து முன்னால் வந்தது. சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது.

நிமிர்ந்து, அங்கேயே நின்றது.

"ஏங்க, உங்கம்மா ஏன் நிறுத்திட்டாங்க? ஓடிக்கிட்டு இருக்கு, செய்யச் சொல்லுங்க," என்றார் காமிராக்காரர் தாழ்ந்த குரலில். நான் கையைத் தூக்கவில்லை. அம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. உரிந்த தோலும் வெந்நீர்ச் சிவப்புமாக அவள் உள்ளங்கை நீலத் துணியின் முன்னால் மட்டமாக இருந்தது. முழங்கையிலிருந்து மேலே தோள்வரை நடுங்கியது. அவள் இன்னொரு கையைக் கொண்டுவந்து அந்த மணிக்கட்டை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.